லயத்தில் ஒரு நாய் விடாமல் குரைத்தால்: காரணம் கண்டுபிடிப்பதும் குறைப்பதும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரவு பதினொரு மணிக்கு ஒரு நாய் குரைத்தால், அது நாய் வளர்க்கும் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரே கூரையின் கீழ், பொதுச் சுவர்களுக்கிடையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராக்கள் வரிசையாக நிற்பதுதான் லயம். அடுத்த காம்பராவில் இருமினாலே கேட்கும். குரைப்பு கேட்காமல் இருக்குமா? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏற வேண்டிய பெண், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுப்பவர், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கைக்குழந்தையோடு இருக்கும் தாய் என்று பத்துக் குடும்பங்களின் நித்திரை அந்த ஒரு நாயிடம் இருக்கிறது.

இந்தத் தகராறு எப்படி வளரும் என்பதும் தெரிந்த விடயம். முதலில் முணுமுணுப்பு, பிறகு கல், பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் தண்ணீர்க் குழாயடியில் பேசாமல் போவது. கடைசியில் ஒரு நாள் காலையில் நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடக்கும். யார் நஞ்சு வைத்தது என்று எல்லோருக்கும் ஓர் ஊகம் இருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அதே நாய்தான் மரக்கறித் தோட்டத்துக்குள் பன்றி இறங்கினால் முதலில் சொல்வது. கோழிக்கூட்டைத் திறக்கும் கையையும், தேயிலைச் செடிகளுக்கிடையே பதுங்கி வரும் சிறுத்தையையும் மனிதருக்கு முன்னே அறிவதும் அதுதான். எனவே நாயின் வாயை முழுதாக அடைப்பது யாருக்கும் நன்மையில்லை. தேவையான குரைப்பை வைத்துக்கொண்டு தேவையற்றதைக் குறைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். மூன்று, நான்கு வாரப் பொறுமையும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் போதும்.

குரைப்பு ஒரு மொழி

நாயின் மூதாதையான ஓநாய் குரைப்பது அரிது. பெரும்பாலும் அதன் குட்டிகளே குரைக்கும். வளர்ந்த ஓநாய் ஆபத்தைக் கண்டால் சுருக்கமாகக் குரைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். நாயோ மனிதரோடு வாழத் தொடங்கிய ஆயிரக்கணக்கான வருடங்களில் குரைப்பைத் தன் முக்கியமான பேச்சாக ஆக்கிக்கொண்டது. கேட்பவர்கள் நாம் என்பதால்தான் அது இவ்வளவு பேசுகிறது.

நாம் அதைப் புரிந்துகொள்கிறோமா என்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள எத்வெஷ் லோரான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவு செய்த குரைப்புகளை ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, நாய் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், நாய் வளர்த்தவர்கள் மட்டுமல்ல, வளர்க்காதவர்களும் குரலை மட்டும் கேட்டு ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தடித்த குரலில், இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக வந்தால் கோபம் அல்லது எச்சரிக்கை. மெல்லிய உயர்ந்த குரலில், இடைவெளி விட்டு விட்டு வந்தால் தனிமை அல்லது ஏக்கம். மலையகத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆள் வரும்போது குரைப்பதும் தனியே விட்டுப் போனபின் குரைப்பதும் ஒன்றல்ல என்பதைக் காது ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கும். அந்த அறிவைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்வதுதான் முதல் வேலை.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை மட்டும் நம்ப வேண்டாம். பயத்தில் குரைக்கும் நாய், ஒதுங்கிப் போக வழியில்லாவிட்டால் கடிக்கும். கட்டிப் போட்ட நாய்க்கு ஒதுங்க வழியே கிடையாது.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எந்த முயற்சிக்கும் முன் பழைய கொப்பி ஒன்றை எடுத்து ஏழு நாட்களுக்கு நான்கு விடயங்களை எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குரைத்தது? எவ்வளவு நேரம்? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? குரைத்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார்; ஆனால் தானே விரட்டியதாக நாய் நினைக்கும். நாளைக்கு இன்னும் பலமாகக் குரைக்கும். நீங்கள் சாப்பிடும்போது குரைத்து ஒரு துண்டு ரொட்டி கிடைத்தால் அதுவும் அப்படியே மனதில் பதியும்.

பகலில் வீட்டில் யாரும் இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் இருப்பவரிடம் கேளுங்கள். "அக்கா, எங்க நாய் எந்நேரம் குரைக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, சரிப்படுத்தப் பாக்குறோம்" என்று கேட்பதே பாதிக் கோபத்தை இறக்கிவிடும். உங்களுக்குத் தெரியாத விவரமும் கிடைக்கும்.

ஏழு நாள் குறிப்பைப் பார்த்தால், குரைப்பு கீழே உள்ள வகைகளில் ஒன்றிலோ இரண்டிலோ விழும். வகை மாறினால் வழியும் மாறும். எல்லாக் குரைப்புக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

காவல் குரைப்பு

லயத்தில் அதிகம் கேட்பது இது. நாயை இஸ்தோப்பில் கட்டுகிறோம். இஸ்தோப்புக்கு முன்னால்தான் எல்லோரும் நடக்கும் பொது வழி. நாயின் கணக்கில் அந்த வழியும் அதன் வீட்டைச் சேர்ந்தது. ஒரு நாளில் நூறு பேர் கடந்தால் நூறு முறை அதற்கு வேலை.

முதல் வழி, பார்வையை மறைப்பது. இஸ்தோப்பின் அரைச் சுவருக்கு மேலே ஒரு தகரத் துண்டையோ பழைய படங்கையோ கட்டினாலே குரைப்பு குறைவதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கட்டும் இடத்தை வழிப் பக்கத்திலிருந்து வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, "போதும்" என்ற சொல்லைப் பழக்குவது. நாய் குரைக்கத் தொடங்கும்போது மூன்று, நான்கு முறை குரைக்க விடுங்கள். அது அதன் கடமை. பிறகு அருகில் போய், சத்தம் போடாமல், "போதும்" என்று ஒரு முறை சொல்லி, மூக்கருகே ஒரு நெத்தலித் துண்டைக் காட்டுங்கள். மோந்துகொண்டே குரைக்க நாயால் முடியாது. வாய் மூடிய அந்தக் கணத்தில் துண்டைக் கொடுங்கள். முதல் நாட்களில் ஒரு நொடி மௌனத்துக்கே கொடுக்கலாம். பிறகு மூன்று நொடி, பத்து நொடி, அரை நிமிடம் என்று நீட்டுங்கள். துண்டு விரல் நகம் அளவு இருந்தால் போதும். நாளடைவில் நாய் இரண்டு முறை குரைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். காவல் நாயிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

மூன்றாவது, அயலவர்களை அறிமுகப்படுத்துவது. தினமும் கடந்து போகிறவர்கள் நாயின் பக்கம் ஒரு பாண் துண்டைப் போட்டுவிட்டுப் போனால், சில நாட்களில் அவர்களுக்கு அது வாலாட்டும். முகமறியாதவருக்கு மட்டும் குரைக்கும்.

தனிமைக் குரைப்பு

பெற்றோர் மலைக்குப் போய், பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் தொடங்கி, இடைவெளி விட்டு ஏக்கமாகக் குரைத்தால், ஊளையிட்டால், கதவைப் பிறாண்டினால் அது தனிமை. இத்தகைய நாய்கள் பெரும்பாலும் ஆட்கள் போன முதல் அரை மணி நேரத்துக்குள் கலங்கத் தொடங்கிவிடும். இதற்கு அடிப்பது பயத்தை இரட்டிப்பாக்கும். மாலையில் வந்து காலைக் குரைப்புக்கு அடித்தால், நீங்கள் வீட்டுக்கு வருவதே நாய்க்கு இன்னொரு பயமாகிவிடும்.

நாய் உங்கள் புறப்பாட்டை முன்கூட்டியே அறிகிறது. கொழுந்துக் கூடையை எடுத்தாலோ படங்கை இடுப்பில் கட்டினாலோ அதற்கு விளங்கிவிடும். வேலையில்லாத நாட்களில் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். படங்கைக் கட்டிக்கொண்டு தேநீர் குடியுங்கள். கூடை என்றால் பிரிவு என்ற எண்ணம் மெல்லக் கழன்றுவிடும். அடுத்து, கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் திரும்பி வாருங்கள். குரைக்காவிட்டால் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம். குரைத்தால் பழைய அளவுக்கு இறங்குங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போகும் நேரத்தில் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போவதும் உதவும். காலைச் சோற்றைத் தட்டில் போடாமல், ஒரு பழைய சாக்கின் மடிப்புகளுக்குள்ளோ கிழிந்த கடதாசிப் பெட்டிக்குள்ளோ சிறு சிறு உருண்டைகளாக ஒளித்து வையுங்கள். தேடித் தின்னும் இருபது நிமிடத்தில் பிரிவின் கடுமையான பகுதி கடந்துவிடும். கோழியின் வேகவைத்த எலும்பை மட்டும் கொடுக்க வேண்டாம். அது சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

சங்கிலியும் சலிப்பும்

பகல் முழுதும் மூன்று அடிச் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைப்பதைத் தவிர வேறென்ன செய்யும்? இந்தக் குரைப்புக்கு முகமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரே தாளத்தில் மணிக்கணக்கில் போகும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். வேகமாக இழுத்துப் போவதை விட, நின்று மோந்து பார்க்க விடுவது அதிகம் களைக்க வைக்கும். நாய் உலகத்தை வாசிப்பது மூக்கால்தான்.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு கம்பங்களுக்கிடையில் ஒரு கம்பியை இழுத்து, சங்கிலியின் வளையத்தை அதில் ஓட விடுங்கள். அங்குமிங்கும் நடக்க வழி கிடைக்கும். தலவாக்கலையின் குளிரும் ஆடி மழையும் இன்னொரு விடயம். நனைந்த தரையில் படுக்கும் குட்டை மயிர் நாய் இரவெல்லாம் முனகும், குரைக்கும். நிலத்திலிருந்து அரை அடி உயரப் பலகையும், மேலே ஒரு தகரமும், ஒரு காய்ந்த சாக்கும் பல லயங்களின் இரவுக் குரைப்பைத் தீர்த்துவிடும்.

கேட்டு வாங்கும் குரைப்பு

உங்கள் முகத்தைப் பார்த்தபடியே குரைத்து, நிறுத்தி, மறுபடி குரைத்தால் அது எதையோ கேட்கிறது. இதற்கு ஒரே வழி, குரைக்கும் வரை கண்டுகொள்ளாமல் திரும்பி நிற்பது; வாய் மூடியவுடன் கேட்டதைக் கொடுப்பது. திட்டுவதும் ஒரு கவனிப்புத்தான் என்பதால் திட்டவும் வேண்டாம். முதல் சில நாட்களில் குரைப்பு முன்னைவிடக் கூடும். பழைய வழி பலிக்கவில்லையே என்று நாய் இன்னும் பலமாக முயல்கிறது. அந்த நேரத்தில் பாட்டி இரக்கப்பட்டு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டால், இவ்வளவு நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும். அயலவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

தொற்றிப் பரவும் குரைப்பு

மேல் லயத்தில் ஒன்று தொடங்க, கீழ் லயம் வரை பரவி, பக்கத்துத் தோட்டத்துக்கும் தாவுகிற குரைப்புக்கு ஒரு வீடு மட்டும் பரிகாரம் தேட முடியாது. நாய் வளர்க்கும் வீடுகள் எல்லாம் இரவு ஒன்பது மணிக்குப் பின் நாயை உள்ளே அல்லது மூடிய கொட்டிலுக்குள் எடுப்பதென்று ஒத்துக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ஆண் நாய்கள் கூடிச் சண்டையிடும் இரவுகளுக்குக் கருத்தடையே நிலையான வழி. ஆனால் கருத்தடை பயக் குரைப்பையோ தனிமைக் குரைப்பையோ போக்காது.

சிறுத்தை இருக்கும் மலையில்

இந்தப் பகுதி சமவெளியில் நாய் வளர்ப்பவர்களுக்குத் தேவைப்படாது. இலங்கைச் சிறுத்தை காட்டுக்குள் மட்டும் வாழும் விலங்கல்ல. மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள், அவற்றுக்கிடையிலுள்ள காட்டுத் துண்டுகள், ஆற்றோரங்கள் எல்லாம் அதன் நடமாட்ட வெளி. லயத்து நாய்கள் அதற்கு எளிதான இரை. இரவில் வெளியே கட்டிப் போட்ட நாயின் குரைப்பு, வீட்டைக் காப்பதற்குப் பதிலாக, நாய் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அவிழ்த்து விட்ட நாயாவது ஓடலாம். சங்கிலியில் இருப்பதற்கு அதுவும் இல்லை.

ஆகவே மலையகத்தில் இரவில் நாயை உள்ளே எடுப்பது அயலவரின் நித்திரைக்கும் நாயின் உயிருக்கும் ஒரே பரிகாரம். உள்ளே இருந்தாலும் அந்நியச் சத்தத்துக்கு அது குரைக்கத்தான் செய்யும், காவல் குறையாது. சில நாய்கள் சிறுத்தையின் மணம் பட்டால் குரைப்பதை நிறுத்திவிட்டு வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். வேறு சில ஒரே திசையைப் பார்த்து வெறியோடு குரைக்கும். இரண்டில் எதுவானாலும், இருட்டில் ஒருவர் தனியே வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.

சிறுத்தைக்கும் பன்றிக்கும் கம்பிச் சுருக்கு வைப்பது தீர்வாகாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பெற்றும் உயிர் பிழைக்கவில்லை. அதே சுருக்கில்தான் நம் நாய்களும் சிக்குகின்றன.

வெடிச் சத்தமும் போரின் நினைவும்

நாய்க்கு ஏறக்குறைய 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். மனிதக் காதின் எல்லை 20,000. தீபாவளி வெடி, தேர்தல் வெற்றி வெடி, மாசி மாதத்துக் காமன் கூத்தின் தப்பொலி எல்லாம் பல நாய்களுக்குத் தாங்க முடியாதவை. பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று கால்வாசி வளர்ப்பாளர்களே சொன்னார்கள். நடுங்குகிறதா, ஒளிகிறதா, குரைக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டபோது ஏறக்குறைய பாதி நாய்களில் அந்தக் குறிகள் இருந்தன. பயத்தைப் பயமென்று நாம் அறியாமல் இருக்கிறோம். சேட்டை என்று நினைத்து அதட்டுகிறோம்.

வெடி போடும் நாளில் கட்டிலின் கீழே சாக்கு விரித்து, கதவு யன்னலைச் சாத்தி, வானொலியை மிதமாகப் போட்டுவிடுங்கள். நாய் உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். ஆறுதல் சொல்வதால் பயம் கூடாது. வெடிக் காலம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே கைத்தொலைபேசியில் வெடிச் சத்தத்தை மிக மெதுவாகப் போட்டு, கூடவே நல்ல தீனி கொடுத்து, நாய் கலங்காத அளவில் மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டிப் பழக்கலாம்.

மனிதரின் காதையும் இங்கே பேசியாக வேண்டும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. போரின் கடைசிவரை அங்கே வாழ்ந்து, இன்று இரு பக்கமும் உறவுகளோடு இருப்பவர்கள் அவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் நடுச்சாமத்து நாய்க் குரைப்புக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ வருகிறார்கள். சுற்றிவளைப்பா, வீடு தேடி வருகிறார்களா, யாரைக் கொண்டு போகப் போகிறார்கள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2011 ஆகஸ்டில் மர்ம மனிதன் பீதி மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் பரவியபோதும், ஆட்கள் நாய்க் குரைப்பை வைத்துத்தான் தடியோடு வெளியே ஓடினார்கள்.

அப்படி வாழ்ந்த ஒருவருக்குப் பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைப்பது வெறும் இரைச்சலாக இருக்காது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பிறகு விடியும்வரை கண் மூடாது. இதைப் பலர் வெளியில் சொல்வதில்லை. நாயின் மேல் கோபமாக மட்டும் காட்டுவார்கள். அயல் வீட்டில் ஒருவர் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறார் என்று தோன்றினால், கோபத்துக்குப் பின்னால் வேறொன்று இருக்கக்கூடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தூக்கமின்மை தொடர்ந்தால் அதற்கும் உதவி உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் பேசலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலும் கேட்கலாம்.

எதைச் செய்யக் கூடாது

கத்துவது முதலாவது. நாம் கத்தினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய்க்குப் படும். அடிப்பது, கல்லெறிவது, வாயைக் கயிற்றால் கட்டுவது எல்லாம் பயத்தை வளர்க்கும். 2004இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், தண்டனையை அதிகம் பயன்படுத்திய வீடுகளின் நாய்களிடம் தொல்லை தரும் பழக்கங்களும் அதிகமாக இருந்தன. வாய் கட்டப்பட்ட நாய் மூச்சிரைத்து உடல் வெப்பத்தைத் தணிக்க முடியாமல் உயிரிழக்கவும் கூடும்.

மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டிகளை இணையத்தில் விற்கிறார்கள். வேல்ஸ் நாடு 2010இலேயே அவற்றைத் தடை செய்துவிட்டது. பட்டி குரைப்பை நிறுத்தினாலும் பயத்தை நிறுத்தாது. எச்சரிக்கை செய்யாமல் கடிக்கும் நாயை அது உருவாக்கலாம். குரல் நாணை வெட்டும் சத்திரசிகிச்சையை 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய செல்லப்பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை விலக்கியிருக்கிறது.

நஞ்சு வைப்பது குற்றம். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இன்றுவரை அடிப்படைச் சட்டமாக இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையிலும் விலங்கைக் கொல்வதற்குத் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய விடயம், நஞ்சு கலந்த இறைச்சித் துண்டு எந்த வாய்க்குப் போகும் என்று வைத்தவருக்கே தெரியாது. லயத்து வாசலில் தவழும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வைத்தியரிடம் எப்போது?

பழக்கமில்லாமல் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். காதுப் புண், பல் வலி, மூட்டு வலி, உண்ணி, தோல் அரிப்பு எல்லாம் நாயைப் பொறுமையிழக்கச் செய்யும். பத்து வயதைத் தாண்டிய நாய் இரவில் காரணமின்றிச் சுவரைப் பார்த்துக் குரைத்தால் கண், காது மங்கியிருக்கலாம். மூளைத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். படுக்கும் முன் வெளியே கூட்டிப் போய்வந்து, ஒரு சிறு விளக்கை எரிய விட்டால் ஓரளவு அமைதியாகும். பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டலாம். சிக்கலானவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

குரைக்கும் குரலே மாறிக் கரகரத்தால், விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால், குணம் மாறிக் கண்டதையெல்லாம் கடித்தால் அது விசர் நோயாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால்தான் குரல் மாறுகிறது. நெருங்காதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வருடாவருடம் நாய்க்குத் தடுப்பூசி போட்டு அட்டையை வைத்திருங்கள். சுகாதாரப் பிரிவு ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் நாளைத் தவற விடாதீர்கள்.

பேசித் தீர்ப்பதும் சட்டமும்

நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்குத் தலவாக்கலை–லிந்துலை நகரசபை, வெளியே இருப்பவர்களுக்கு அந்தந்தப் பிரதேச சபை. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நாய்க் குரைப்புக்காக நீதிமன்றப் படி ஏறுவது ஒரு நாள் சம்பளத்தையும் ஓர் ஆயுள் உறவையும் இழக்கச் செய்யும். அதற்கு முன்னே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இரு தரப்பும் உட்கார்ந்து பேசலாம். அதற்கும் முன்னே தோட்டத்துத் தலைவர், கோயில் கமிட்டி, பக்கத்து வீட்டு இஸ்தோப்பு என்று படிகள் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொடர் குரைப்பு சட்டரீதியான தொல்லையாகக் கணிக்கப்படலாம். உள்ளூராட்சி மன்றம் அறிவித்தல் கொடுத்தும் கேட்காவிட்டால் வழக்கு, தண்டம் வரை போகும்.

முறைப்பாடு சொல்பவர் நேரத்தைச் சொல்ல வேண்டும். "எப்பப் பாத்தாலும் குரைக்குது" என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. "ராத்திரி பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும்" என்றால் பரிகாரம் தேடலாம். வளர்ப்பவர் என்ன செய்யப் போகிறார், எத்தனை நாளில் என்று சொல்ல வேண்டும். இருவரும் மூன்று வாரம் தவணை வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் மெல்லக் கூடி வருகின்றன. சுவர் பிரிந்தால் சத்தம் கொஞ்சம் விலகும். ஆனாலும் மலையகத்தின் பெரும்பகுதி இன்னும் லயத்தில்தான் வாழ்கிறது. இன்றிரவு செய்யக்கூடியவை மூன்று: நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து உள்ளே எடுங்கள், காய்ந்த சாக்கொன்றை விரியுங்கள், கொப்பியில் முதல் வரியை எழுதுங்கள். மற்றவற்றை நாளைக்குக் காலையில் அடுத்த காம்பராவோடு பேசிக்கொண்டு தொடங்கலாம்.